சிறுகதை அங்கதம் பற்றிய கட்டுரைகளைத் திருத்துதல்: புதிய தமிழாசிரியருக்கு

உயர்தர வகுப்புக்குத் தமிழ் படிப்பிக்க இந்த வருடம்தான் வந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சிறுகதையில் அங்கதம் பற்றி ஒரு கட்டுரை எழுதக் கொடுத்தீர்கள். இப்போது மேசையில் 32 விடைத்தாள்கள் கிடக்கின்றன. முதல் ஐந்தைப் புரட்டியதுமே சங்கடம் வந்துவிடும். ஐந்திலும் 'அங்கதம்' என்ற சொல் இருக்கிறது. ஐந்திலும் 'சமூக அவலம்' இருக்கிறது. எதற்கு 8, எதற்கு 15 என்று கை ஓடாது.

யாழ்ப்பாணத்தில் பல வருடம் இந்த வேலையைச் செய்தவன் நான். தொடங்கிய காலத்தில் இதை எப்படிச் செய்வது என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதனால் சில பிள்ளைகளுக்கு அநியாயமாகப் புள்ளி குறைத்திருக்கிறேன். அதில் ஒன்றைப் பின்னால் சொல்கிறேன்.

அங்கதக் கதையில் எழுத்து ஒன்றைச் சொல்லும். கருத்து வேறோர் இடத்தில் இருக்கும். அந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தைப் பிள்ளை எந்தச் சொல்லில் வைத்துக் கண்டுபிடித்தது என்பதற்குத்தான் முதல் புள்ளி. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

பேனை எடுக்க முன்

கதையை நீங்கள் இன்னொரு முறை வாசியுங்கள். போன வருடம் வாசித்தது போதாது. வாசித்து முடித்ததும் நீங்கள் கொடுத்த அதே கேள்விக்கு ஒரு தாளில் நீங்களே விடை எழுதுங்கள். பிள்ளைகளுக்கு 40 நிமிடம் கொடுத்திருந்தால் உங்களுக்கும் 40 நிமிடம்தான். எழுதிப் பார்க்கும்போதுதான் கேள்வி எங்கே மயக்குகிறது, எந்த மேற்கோள் சட்டென்று கைக்கு வருகிறது, எதற்கு நேரம் போதவில்லை என்பதெல்லாம் தெரியும். இதைச் செய்யாமல் திருத்தத் தொடங்கினால் நம் மனதில் உள்ள விடை பிள்ளை 40 நிமிடத்தில் எழுத முடியாத ஒன்றாக வளர்ந்துவிடும்.

அடுத்தது சொற்கள். பகிடி, நக்கல், குத்திக் கதைப்பது, ஏசுவது ஆகிய நான்கையும் நம் பிள்ளைகள் வீட்டிலும் சந்தியிலும் கேட்டு வளர்ந்தவர்கள். பகிடி சிரிக்க வைக்கும், பெரும்பாலும் ஒருவருக்கும் நோகாது. நக்கல் ஓர் ஆளைக் குறிவைத்துப் போகும். ஏச்சு நேரடியானது. குத்திக் கதைப்பது மட்டும் வேறு மாதிரி. மேலே பார்த்தால் சாதாரணக் கதை, சில வேளை பாராட்டு. உள்ளே முள் இருக்கும். 'தம்பி கொழும்புக்குப் போனபிறகு எங்களை மறக்கேல்லை, பாருங்கோ, ஏழு வருசத்தில ஒருக்கா வந்திட்டான்' என்று ஒரு பெரியம்மா சொல்வதைக் கேட்ட பிள்ளைக்கு அங்கதம் என்றால் என்ன என்று பாதி விளங்கிவிட்டது.

தொல்காப்பியச் செய்யுளியலும் இதே இடத்தில்தான் கோடு போடுகிறது. நேரே பழிப்பது செம்பொருள் அங்கதம். அதை வசை என்றே அது சொல்கிறது. பழிப்பை மறைத்துச் சொல்வது பழிகரப்பு அங்கதம். இன்றைய சிறுகதைகளில் நாம் அதிகம் காண்பது இரண்டாவது. மெய்ப்பாட்டியலில் இன்னொரு செய்தி உண்டு: நகை பிறக்கும் இடங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு. இதைத் திருத்துபவர் மனதில் வைத்திருப்பது மிகவும் உதவும். கதையில் வரும் சிரிப்பெல்லாம் எள்ளலால் வந்தது இல்லை. ஒரு சின்னப் பிள்ளையின் வெகுளித்தனத்துக்குச் சிரிப்பதும் ஒரு பெரிய மனிதரின் போலித்தனத்துக்குச் சிரிப்பதும் ஒரே பந்தியில் வரலாம். இரண்டையும் ஒன்றாக்கி 'அங்கதம்' என்று எழுதிய பிள்ளை பாதி தூரம்தான் வந்திருக்கிறது.

கேள்வியைப் பாருங்கள்

'இக்கதையில் அங்கதம் கையாளப்பட்டுள்ள விதத்தை விளக்குக' என்று கேட்டால் ரியூசன் நோட்ஸ்தான் திரும்பி வரும். அது பிள்ளையின் குற்றம் இல்லை. கேள்வி அப்படி வா என்று அழைக்கிறது. அதே கதைக்கு இப்படிக் கேட்டுப் பாருங்கள்: 'கதைசொல்லி ஒருவரைப் புகழும் இடங்கள் இரண்டை எடுத்துக்கொண்டு, அந்தப் புகழ்ச்சியை வாசகர் நம்புகிறாரா, ஏன் என்று எழுதுக.' இதற்கு மனப்பாட விடை கிடையாது. கதையைத் திறந்தே ஆக வேண்டும்.

பொதுப் பரீட்சைக்குக் கேள்வியும் புள்ளித்திட்டமும் பரீட்சைத் திணைக்களத்திலிருந்து வருபவை. அங்கே நம் விருப்பத்துக்கு இடமில்லை, இருக்கவும் கூடாது. நான் சொல்வதெல்லாம் வகுப்புக் கட்டுரைக்கும் பாடசாலையில் நாமே தயாரிக்கும் தவணைப் பரீட்சைக்கும் உரியது.

புள்ளித்திட்டம்

20 புள்ளிக்கு நான் பாவிக்கும் பிரிப்பு இது. யாரை அல்லது எதைக் கதை குத்துகிறது என்று கண்டதற்கு 4. எப்படிக் குத்துகிறது என்று விளக்கியதற்கு 6. கதையிலிருந்து சொல்லோ வசனமோ எடுத்துக் காட்டியதற்கு 5. அந்த இடத்தை முழுக் கதையோடு பொருத்தியதற்கு 3. மொழிக்கும் ஒழுங்குக்கும் 2.

மொழிக்கு 2 மட்டுமா என்று கேட்பீர்கள். ஆம். எழுத்துப் பிழையை நாம் சிவப்புப் பேனையால் உடனே பிடித்துவிடுவோம். கண்ணுக்கு முதலில் படுவது அதுதான். கருத்தைப் பிடிக்க நேரம் எடுக்கும். 2 என்று கட்டிப்போடாவிட்டால் ற-ர பிழைக்காக ஒரு நல்ல வாசிப்புக்கு 5 புள்ளி போய்விடும். மொழிப் பிழையைத் திருத்தக் கூடாது என்று நான் சொல்லவில்லை. திருத்துங்கள், குறித்துக் காட்டுங்கள். புள்ளியை மட்டும் அந்த இரண்டுக்குள் வைத்திருங்கள். பிள்ளை கதையிலிருந்து எடுத்துக் காட்டும் உரையாடல் யாழ்ப்பாணப் பேச்சில் இருந்தால் அதைப் பிழையாக எண்ணவே கூடாது. அது சான்று.

எப்படி என்பதற்கு ஏன் 6? ஏனென்றால் பாடம் அங்கேதான் இருக்கிறது. தலைவர் போலியானவர் என்று யாரும் சொல்லிவிடலாம். கதையின் எந்தச் சொல் அதை நமக்குக் காட்டிக்கொடுத்தது என்று சொல்வதற்குத்தான் வாசிப்புப் பயிற்சி வேண்டும்.

ஒரு பயிற்சி: மூன்று விடைகள்

கீழே உள்ள பகுதியைப் பயிற்சிக்காக நான் எழுதினேன். விடைகளும் நான் எழுதியவைதான். ஆனால் மூன்று விதமும் ஒவ்வொரு வருடமும் என் மேசைக்கு வந்த விதங்கள்.

'எங்கள் வாசிகசாலைக்கு இவர் பத்து வருடமாகத் தலைவர். அவருடைய அக்கறையை ஊரில் ஒருவரும் குறை சொல்ல முடியாது. கனடாவிலிருந்து வந்த முந்நூறு புத்தகங்களில் ஒன்றிலாவது இன்றுவரை ஒரு மடிப்பு விழவில்லை. கண்ணாடி அலுமாரியில் வைத்துப் பூட்டி, திறப்பைத் தன் மடியிலேயே வைத்திருக்கிறார். பிள்ளைகள் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தகங்களின் முதுகில் உள்ள பெயர்களை வாசிப்பார்கள். ஒரு சின்னவன் அப்படியே நாற்பது பெயர்களைப் பாடமாக்கிவிட்டான். ஆண்டு விழாவில் அவனை மேடையில் ஏற்றி, எங்கள் வாசிகசாலை உருவாக்கிய வாசகன் என்று சொல்லித் தலைவர் பொன்னாடை போர்த்தினார். விழா முடிந்ததும் பொன்னாடையை வாங்கி மடித்து அதே அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.'

முதலாவது விடை: 'இக்கதையில் ஆசிரியர் சமூக அவலங்களை அங்கதச் சுவையுடன் சாடுகிறார். அங்கதம் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படும். இங்கு பழிகரப்பு அங்கதம் மிகச் சிறப்பாகக் கையாளப்பட்டுள்ளது. தலைவரின் போலித்தனம் வெளிப்படுகின்றது. இதனை வாசிக்கும் வாசகர் சிரிப்பதோடு சிந்திக்கவும் செய்கின்றார்.'

இரண்டாவது விடை: 'தலைவர் புத்தகத்தைக் கவனமாக வைத்திருப்பது நல்லம்தான். ஆனால் மடிப்பு விழாமல் இருந்தால் பிள்ளைகள் எப்படி வாசிக்கிறது? அந்தச் சின்னவன் நாற்பது பெயர் பாடமாக்கினான், ஒரு புத்தகமும் வாசிக்கவில்லை. அவனை வாசகன் என்று மேடையில் சொல்கிறார்கள். பிறகு பொன்னாடையையும் எடுத்துப் பூட்டுகிறார். அவனுக்கு ஒண்டும் மிஞ்சவில்லை. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கவலைதான் வந்தது.'

மூன்றாவது விடை: 'மடிப்பு விழவில்லை என்பதைக் கதைசொல்லி பாராட்டாகச் சொல்கிறார். ஆனால் புத்தகத்தில் மடிப்பு விழாவிட்டால் அதை ஒருவரும் திறக்கவில்லை என்பதே பொருள். பாராட்டும் குற்றச்சாட்டும் ஒரே வசனத்தில் இருக்கின்றன. அக்கறை என்ற சொல்லும் அப்படித்தான். அவருடைய அக்கறை பூட்டுக்கும் திறப்புக்கும் உரியது, பிள்ளைகளுக்கு உரியதல்ல. இன்னொன்று, கதைசொல்லி எங்கள் வாசிகசாலை என்கிறார். பத்து வருடமாக அந்த எங்களில் ஒருவரும் திறப்பைக் கேட்கவில்லை. ஆகவே இந்த அங்கதம் தலைவரோடு நிற்காமல் ஊரையும் தொடுகிறது.'

மேலும் வாசிக்க முன் நீங்கள் மூன்றுக்கும் புள்ளி போட்டுப் பாருங்கள்.

புதிதாகத் திருத்துபவர்கள் பெரும்பாலும் முதலாவதற்கு 13ம் இரண்டாவதற்கு 8ம் போடுவார்கள். நானும் அப்படித்தான் போட்டிருப்பேன். முதலாவது விடையில் கலைச்சொல் இருக்கிறது, நடை நன்றாக இருக்கிறது, தொல்காப்பியம் தெரிந்த பிள்ளை என்ற எண்ணம் வருகிறது. ஆனால் அந்த ஐந்து வசனங்களில் தலைவர் என்ற ஒரு சொல்லை மாற்றிவிட்டால் அது எந்தக் கதைக்கும் பொருந்தும். சான்று ஒன்றுகூட இல்லை. மேலே சொன்ன ஐந்து பிரிவுகளின் வரிசையில் என் கணக்கு 2, 1, 0, 0, 2. மொத்தம் 5.

இரண்டாவது பிள்ளைக்கு அங்கதம் என்ற சொல்லே தெரியாமல் இருக்கலாம். 'ஒண்டும்' என்று பேச்சு மொழி கலந்திருக்கிறது. ஆனாலும் மடிப்பைக் கண்டது, நாற்பது பெயரைக் கண்டது, பொன்னாடை திரும்பிப் போனதைக் கண்டது. 'வாசகன்' என்ற சொல்லுக்கும் உண்மைக்கும் உள்ள தூரம் அதற்கு விளங்கியிருக்கிறது. தலைவர் செய்தது 'நல்லம்தான்' என்று எழுதியதால் கதைசொல்லியின் பாராட்டை ஓரளவு நேராக எடுத்துக்கொண்டது தெரிகிறது. அதனால் 'எப்படி' என்பதற்குப் புள்ளி குறையும். 3, 2, 4, 2, 1. மொத்தம் 12. அந்தக் கடைசி வசனத்தைக் கவனியுங்கள். சிரிப்பு வரவில்லை, கவலை வந்தது என்பது நேர்மையான வாசிப்பு. நல்ல அங்கதத்துக்குப் பலவேளை அதுதான் விளைவு. 'அங்கதம் என்றால் சிரிப்பு வர வேண்டும்' என்று ஓரத்தில் எழுதிவிடாதீர்கள்.

மூன்றாவதற்கு 4, 6, 4, 3, 2. மொத்தம் 19. பொன்னாடையைத் தொடாமல் விட்டதால் சான்றில் 1 குறைத்தேன். 'எங்கள்' என்ற சொல்லைப் பிடித்தது என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும் வாசிப்பு. இப்படி ஒரு விடை வருடத்துக்கு ஒன்றோ இரண்டோ வரும்.

இந்த உத்தி புதியது இல்லை. அதியமானின் தூதாகப் போன ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். இங்கே வேல்கள் மயில்பீலி அணிந்து, மாலை சூடி, நெய் பூசி அழகாகக் காவலில் இருக்கின்றன; அங்கே அதியமானுடையவையோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று ஔவை பாடினார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. கேட்டால் தொண்டைமானுக்குப் பாராட்டு. நெய் பூசிய வேல் போருக்குப் போகாத வேல். மடிப்பு விழாத புத்தகம் வாசிக்காத புத்தகம். வகுப்பில் இந்தப் பாட்டைப் படிப்பித்த அடுத்த வாரமே சிறுகதைக் கட்டுரையை எழுதக் கொடுத்தால் பிள்ளைகள் 'எப்படி' என்ற பகுதியை எழுதுவதில் நல்ல முன்னேற்றம் தெரியும். திருவள்ளுவரும் கயமை அதிகாரத்தில் கயவரைத் தேவரோடு ஒப்பிடுகிறார். இருவரும் தாம் விரும்பியதைச் செய்து திரிபவர்கள் என்பது காரணம். புகழ்வதுபோலப் பழிப்பதை வஞ்சப்புகழ்ச்சி என்று பாடத்தில் படித்த பிள்ளைக்கு அதைச் சிறுகதைக்குள் அடையாளம் காண ஒரு பாலம் போதும்.

யாரைக் குத்துகிறது என்பதில் வரும் மயக்கம்

திருத்தும்போது அதிகம் சறுக்கும் இடம் இது, பிள்ளைக்கும் நமக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து பல காலம் வெளிவந்த சிரித்திரன் என்ற நகைச்சுவைச் சஞ்சிகையில் சிவஞானசுந்தரம் வரைந்த சவாரித்தம்பர் என்ற கருத்துப்படப் பாத்திரத்தைப் பார்த்தால் யார் கேலிக்குரியவர் என்று கோட்டிலேயே தெரியும். கருத்துப்படத்தில் ஆளை வரைந்து காட்டலாம். சிறுகதையில் ஆள் குரலுக்குள் ஒளிந்திருப்பார். கதையை யார் சொல்கிறார், அவரை நம்பலாமா என்று பிள்ளை கேட்காவிட்டால் குறி தப்பும்.

புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதைக்கு எழுதும் விடைகளில் 'ஆசிரியர் கடவுளைக் கேலி செய்கிறார்' என்று பல பிள்ளைகள் எழுதுவார்கள். அந்த வசனத்துக்கு உடனே பிழை போடாதீர்கள். உடனே சரியும் போடாதீர்கள். பூமிக்கு வந்த கடவுளையே தன் வைத்தியப் பத்திரிகைக்குச் சந்தாதாரராக்கப் பார்க்கும் மனிதர் கந்தசாமிப் பிள்ளை. முள் எத்தனை பக்கம் திரும்புகிறது என்று பிள்ளை கேட்டிருக்கிறதா என்று அடுத்த வசனத்தில் தேடுங்கள். அது இருந்தால் 4க்கு 4. கடவுளோடு நின்றுவிட்டால் 2.

என் பிழையை இங்கேதான் சொல்ல வேண்டும். வகுப்பில் ஒரு கதை படிப்பித்தேன். ஓர் அந்தியேட்டி (இறந்தவருக்குச் செய்யும் கிரியை) வீட்டின் ஆடம்பரத்தைக் கதைசொல்லி வியந்து வியந்து சொல்லிக்கொண்டு போவார். குத்துப்படுவது அந்த வீட்டுக்காரர்தான் என்று நான் படிப்பித்தேன். ஒரு மாணவி கட்டுரையில், கேலிக்குரியவர் அந்தக் கதைசொல்லியே, அவர் அந்த வீட்டில் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்துதான் புகழ்கிறார் என்று எழுதியிருந்தாள். நான் அந்தப் பந்தியின் கீழே கோடு போட்டு, 'கதையைச் சரியாக விளங்கவில்லை' என்று எழுதி 7 போட்டேன். இரண்டு வருடம் கழித்து அதே கதையை வேறொரு வகுப்புக்கு வாசித்துக் காட்டும்போது, கதைசொல்லி இரண்டாம் தரமும் சாப்பாட்டுப் பந்தியில் இருந்ததைச் சொல்லும் சிறிய வசனம் என் காதில் விழுந்தது. அதுவரை நான் அதைக் கேட்டிருக்கவேயில்லை. அவள் கேட்டிருந்தாள். அப்போது அவள் பாடசாலையை விட்டுப் போய்விட்டாள். அந்த 7 இன்னும் எனக்குக் கவலை.

அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்துக்கொண்டேன். என் வாசிப்புக்கு மாறான வாசிப்பு எதிர்ப்பட்டால் புள்ளி போடாமல் அந்தத் தாளைத் தனியே வைப்பேன். மற்றதெல்லாம் முடிந்த பின் கதையைத் திறந்து, பிள்ளை காட்டிய இடத்தைத் தேடி வாசிப்பேன். பிள்ளை இடத்தைக் காட்டியிருந்தால், அந்த இடம் அந்த வாசிப்பைத் தாங்கினால், முழுப் புள்ளி. நான் படிப்பித்தது வேறு என்பது காரணமாகாது. பிள்ளை இடமே காட்டாமல் புதுமையாக எதையோ சொன்னால் புதுமைக்காக மட்டும் புள்ளி கிடையாது.

இதோடு சேர்த்து இன்னொன்று. அங்கதக் கதைகள் நமக்குப் பக்கத்தில் உள்ளவற்றைத்தான் தொடும்: சீதனம், சாதி, கோயில் நிர்வாகம், வெளிநாட்டுக் காசு, ரியூசன், நம் ஆசிரியத் தொழிலும்கூட. கதை குத்தும் இடத்தில் நாமே நின்றால் கை இறுகும். வகுப்பில் ஒரு பிள்ளையின் வீடும் அங்கே நிற்கலாம். அந்தப் பிள்ளை கதையோடு சண்டை பிடித்து, இந்த அங்கதம் நியாயமில்லை, வாசகரைச் சிரிக்க வைக்க எளியவர்களைத்தான் பாவித்திருக்கிறது என்று எழுதலாம். கதையைப் பாராட்ட வேண்டும் என்று கேள்வி கேட்கவில்லை. சான்றோடு மறுத்திருந்தால் பாராட்டியவருக்குப் போடும் அதே புள்ளிதான்.

திருத்தும் வேலை நடக்கும் விதம்

முதலில் பேனை இல்லாமல் ஐந்தாறு தாள்களை வாசியுங்கள். அவற்றிலிருந்து நல்லது ஒன்று, நடுத்தரம் ஒன்று, பலவீனமானது ஒன்று தெரிந்து, அவற்றுக்கு மட்டும் புள்ளி போட்டுப் பக்கத்தில் வையுங்கள். பிறகு வரும் ஒவ்வொரு தாளையும் அந்த மூன்றோடு ஒப்பிடலாம். பெயர் தெரியாமல் திருத்துவது நல்லது. சுட்டெண் மட்டும் எழுதச் சொன்னால் போதும். ஒரே இருப்பில் பத்துத் தாளுக்கு மேல் வேண்டாம். இரவு பதினொரு மணிக்குத் திருத்திய தாளையும் காலையில் திருத்திய தாளையும் மாறி வைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

நோட்ஸ் வசனங்கள் 14 தாள்களில் ஒரே மாதிரி வந்தால் கோபம் வரும். அந்த வசனத்துக்குப் புள்ளியும் இல்லை, தண்டனையும் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைத் தாண்டி அடுத்த வசனத்துக்குப் போங்கள். பல பிள்ளைகள் பயத்தில் நோட்ஸில் தொடங்கி, மூன்றாம் பந்தியில்தான் சொந்தக் காலில் நடப்பார்கள்.

எல்லாம் முடிந்ததும் நான்கைந்து தாள்களை இன்னொரு தமிழாசிரியரிடம் கொடுங்கள், உங்கள் புள்ளியைக் காட்டாமல். போன வருடம் எங்கள் பாடசாலைக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஒருவர் தாளோடு வந்தார்.

'சேர், இந்தப் பிள்ளைக்கு எத்தினை போடுவீங்கள்?'

'நீங்கள் முதல் சொல்லுங்கோ, ரீச்சர்.'

'நான் ஒன்பது போட்டனான். சேர் எவ்வளவு?'

நான் பதினாலு போட்டிருந்தேன். இருவரும் தாளைப் பக்கம் பக்கமாக வைத்து, எந்த வசனத்தில் பிரிந்தோம் என்று தேடினோம். பிள்ளை 'அவர் பெரிய மனுசர்' என்று எழுதியிருந்ததை அவர் நேர்ப்பொருளில் வாசித்தார். நான் பிள்ளையும் கதையின் குரலிலேயே குத்திக் கதைக்கிறது என்று வாசித்தேன். பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்டோம். 'குத்தித்தான் எழுதினனான் சேர்' என்றது. ஆனாலும் அதைக் கட்டுரையில் தெளிவாக்கவில்லையே என்று ஆசிரியை சொன்னதும் நியாயம். 12ல் வந்து நின்றோம். 20க்கு 3 புள்ளிக்கு மேல் விலகல் வந்தால் இப்படி உட்கார்ந்து கதைக்க வேண்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் பிரிப்பது வேலையைச் சுருக்கும், பிள்ளைக்கு உதவாது.

என்ன எழுதித் திருப்பிக் கொடுப்பது

'நன்று', 'போதாது', 'இன்னும் முயல்க' என்பவற்றைப் பார்த்து ஒரு பிள்ளையும் அடுத்த கட்டுரையை வேறு மாதிரி எழுதியதில்லை. இரண்டே வரி எழுதுங்கள். ஒரு வரி, பிள்ளை சரியாகப் பிடித்த ஒரு சொல்லைப் பெயர் சொல்லிக் காட்ட வேண்டும். மற்ற வரி ஒரு கேள்வியாக இருக்கட்டும். இரண்டாவது விடைக்கு நான் எழுதியது: 'மடிப்பையும் பொன்னாடையையும் கண்டது மிக நல்ல கவனம். முதலில் வரும் அக்கறை என்ற சொல்லைக் கடைசி வசனத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார். கதைசொல்லி உண்மையாகவே பாராட்டுகிறாரா?' முதலாவது விடைக்கு: 'இரண்டு வகை அங்கதத்தையும் சரியாகச் சொல்லியிருக்கிறாய். பழி எந்தச் சொல்லில் மறைந்திருக்கிறது என்று ஒரு சொல்லைத் தொட்டுக் காட்டு.' முதலாவது பிள்ளைக்கு 5 மனதை உடைக்கும் புள்ளி. அதனால் அந்தத் தாளை வகுப்பில் நீட்டாமல் தனியே கூப்பிட்டுக் கொடுப்பேன். பத்து நிமிடம் பகுதியைத் திறந்து வைத்துக்கொண்டு கதைத்தால் அதே பிள்ளை அன்றைக்கே ஒரு நல்ல பந்தி எழுதிவிடும். நோட்ஸைப் பாடமாக்கும் உழைப்பு உள்ள பிள்ளைக்குக் கதையை வாசிக்கும் உழைப்பு பெரிதில்லை.

விடைத்தாளின் ஓரத்தில் நக்கல் எழுதவே கூடாது. அங்கதம் பற்றிய கட்டுரையைத் திருத்தும்போது அந்த ஆசை கூட வரும், கை அந்த நடையிலேயே ஓடும். சிவப்பு மையில் ஆசிரியர் எழுதிய ஒரு குத்தல் வசனத்தை வீட்டிலே அம்மாவுக்கும் காட்டாமல் ஒளித்து வைத்த பிள்ளைகளை எனக்குத் தெரியும். வகுப்பில் நல்ல விடையை வாசித்துக் காட்டலாம், பிள்ளையிடம் கேட்டுவிட்டு. பலவீனமான விடையைப் பெயர் சொல்லாமலும் வாசிக்க வேண்டாம். கையெழுத்தும் நடையும் பக்கத்து வாங்கில் இருப்பவருக்குத் தெரியும்.

கடைசியாக ஒரு வேலை. முதலில் தெரிந்து வைத்த அந்த மூன்று தாள்களையும் பெயரை மறைத்துப் போட்டோப்பிரதி எடுத்து ஒரு கோவையில் போடுங்கள். போட்ட புள்ளியை வேறு தாளில் எழுதி மடித்து அதே கோவையில் வையுங்கள். அடுத்த தவணைக் கட்டுரைகள் மேசைக்கு வந்ததும், மடித்த தாளைத் திறக்காமல் அந்த மூன்றுக்கும் திரும்பப் புள்ளி போடுங்கள். பிறகு திறந்து பாருங்கள். 2 புள்ளி வித்தியாசத்துக்குள் வந்தால் புதிய கட்டைப் பிரிக்கலாம். வராவிட்டால் கதையை இன்னொரு முறை வாசித்துவிட்டு வாருங்கள்.